ஹைளின் கணக்கும் உடலின் கணக்கும்

 

பெண்கள் மத்ரஸாக்களில் சுத்தம் பற்றிய பாடம் தொடங்கிவிட்டால் கேள்விகள் நிறைய வரும். பதினோராம் நாளும் உதிரம் நிற்கவில்லை, தொழலாமா? மூன்று மாதமாக எதுவும் வரவில்லை, இன்று கண்ட துளி ஹைளா, இஸ்திஹாளாவா? ரமளானில் விடுபட்ட நோன்புகளில் எத்தனையைக் களாச் செய்ய வேண்டும்? இவற்றுக்கெல்லாம் சட்டம் சொல்கிறோம். கேட்டவர்கள் மனநிறைவோடு எழுந்து செல்கின்றனர். ஆனால் அந்தக் கேள்விகளுக்குள் மற்றொரு கேள்வியும் இருக்கிறது. இந்த உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதே அது. மார்க்கத் தீர்ப்புக் கிடைத்ததும் காரியம் முடிந்துவிட்டதாகக் கருதி, அந்தக் கேள்வியைப் பலரும் கேட்காமலேயே விட்டுவிடுகின்றனர்.

ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும், அதிக அளவு 15 நாட்கள் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். குறைந்தது 3 நாட்கள், அதிகம் 10 நாட்கள் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். இரு ஹைளுக்கு இடையிலான சுத்த காலம் குறைந்தது 15 நாட்கள் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. இந்த எல்லைகள் தொழுகை, நோன்பு, இல்லறம் ஆகியவற்றை முறைப்படுத்த வகுக்கப்பட்டவை. எத்தனை நாள் உதிரம் வந்தால் உடல் நலமாக இருக்கிறது என்று சொல்வதற்காக வகுக்கப்பட்டவை அல்ல. “கிதாபில் 15 நாள் வரை இருக்கிறது, எனக்கு 13 நாள்தானே வருகிறது” என்று ஒரு சகோதரி ஆறுதல் அடைந்தால், வணக்கத்தின் எல்லையை நலத்தின் எல்லையாக அவர் எடுத்துக்கொள்கிறார் என்றே பொருள். “நான்கு மாதமாக வரவில்லை, தொழுகை தவறாமல் இருக்கிறது, நல்லதுதான்” என்பதும் அதே பிழையே.

உடலின் கணக்கு வேறு. ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை எண்ணினால், வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாட்கள் வரை இருப்பது இயல்பு. பருவம் எய்திய முதல் சில ஆண்டுகளில் இந்த இடைவெளி 45 நாட்கள் வரை நீளலாம். கர்ப்பம் இல்லாத நிலையில் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருத்தல், 21 நாட்களுக்குள் மீண்டும் மீண்டும் வருதல், எட்டு நாட்களுக்கு மேல் நீடித்தல், மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவுக்குப் போக்கு இருத்தல், 15 வயதாகியும் பருவம் எய்தாதிருத்தல், மாதவிடாய் அடியோடு நின்ற பின் மீண்டும் உதிரம் காணுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

இதைப் பேசுவது வெட்கத்திற்கு மாறானது என்று எண்ணுவோர் ஸஹாபியப் பெண்களின் வழியைப் பார்க்க வேண்டும். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்காமல் வருவதை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் சொல்லிக் கேட்டார்கள். அது ஹைள் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என நபியவர்கள் விளக்கிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. வழக்கமான மாதவிடாயிலிருந்து உடலின் ஒரு கோளாறைப் பிரித்துக் காட்டிய விளக்கம் அது. மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் நாம் அறிந்ததே. அந்தப் பெண்கள் தம் உதிரத்தைப் பற்றி அல்லாஹ்வின் தூதரிடம் கேட்க முடிந்தது என்றால், நம் பெண்கள் ஒரு பெண் மருத்துவரிடம் கேட்பதில் என்ன கூச்சம் இருக்கிறது?

மாதவிடாய் முறை தவறுவதற்குக் காரணங்கள் பல. பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பைக் கோளாறு அவற்றுள் மிகப் பரவலானது. பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் பலர் இதற்கு ஆளாகின்றனர். தைராய்டு சுரப்பியின் குறை, புரோலாக்டின் மிகுதி, உடல் எடை மிகவும் கூடுதல் அல்லது குறைதல், கடும் மன அழுத்தம் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் பலவற்றை ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் காட்டிவிடும். கவனிக்காமல் விட்டால் இழப்பு குழந்தைப்பேற்றோடு நிற்பதில்லை. மிகுந்த உதிரப்போக்கால் இரத்தசோகை வருகிறது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் உதிரம் வெளியேறாமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கலாம்.

மணமாகாத பெண்களின் பெற்றோருக்கு இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் போனதை யாரேனும் பார்த்துவிட்டால் சம்பந்தம் தடைபடுமோ என்பது ஒன்று. உள்ளுறுப்பைப் பரிசோதிப்பார்களோ என்பது மற்றொன்று. மணமாகாத பெண்ணுக்குச் சிறுநீர் நிரம்பிய நிலையில் வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுக்கலாம். மணமாகாதவர் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். சம்பந்தம் பற்றிய அச்சத்தால் பதினாறு வயதில் எளிதாகக் கவனித்திருக்கக்கூடியதை மறைத்து, “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்று அனுப்பிவைப்பதால் கோளாறு தீர்வதில்லை. அந்தச் சுமை, புதிதாகச் சென்ற வீட்டில் அந்தப் பெண்ணின் தலையில் தனியாக விழுகிறது. முறைப்படுத்துவதற்காகத் தரப்படும் ஹார்மோன் மாத்திரை கருத்தடை மாத்திரையாயிற்றே என்று சிலர் தயங்குகின்றனர். இங்கே அது சிகிச்சைக்காகத் தரப்படுகிறது. அதனால் பின்னர் குழந்தை இல்லாமல் போகும் என்பதும் உண்மையன்று.

பெண் மருத்துவர் இருக்கும் இடத்தில் அவரையே நாடுவது சிறந்தது. கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு, மஹ்ரம் உடனிருக்க ஆண் மருத்துவரிடம் காட்ட நம் ஃபிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. பெண் மருத்துவர் இல்லை என்பது மருத்துவமே வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

அடுத்து, குழந்தை இல்லையே என்ற கவலை. ஓராண்டு இல்லறம் நடத்தியும் கரு தரிக்காவிட்டால் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். மாதவிடாய் முறை தவறியிருந்தால் அவ்வளவு காத்திருக்கவும் தேவையில்லை. செல்லும்போது கணவனும் மனைவியும் இருவரும் செல்ல வேண்டும். குழந்தை தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கக் காரணமும் இருக்கிறது. அவருக்குரிய முதல் பரிசோதனை மிக எளியது, செலவும் குறைவு. மாதிரி தரும் முறையில் தயக்கம் இருப்பின் மனைவியின் உதவியோடு தரலாம். ஆயினும் பல வீடுகளில் மனைவி ஆண்டுக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் ஸ்கேனுமாக அலைகிறார், கணவர் ஒரு முறைகூட ஆய்வகத்தின் படி ஏறியிருக்க மாட்டார். ஸகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வேண்டி இறைஞ்சியதை சூரா மர்யமின் தொடக்கத்தில் ஓதுகிறோம். அங்கே அவர்கள் முதலில் தம் எலும்புகளின் தளர்ச்சியையும் தம் தலையின் நரையையும் முறையிடுகிறார்கள். மனைவியின் நிலை அதன் பின்னரே வருகிறது. இந்த வரிசையை நம் ஆண்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை என்றாலே இலட்சக்கணக்கில் செலவு என்று அஞ்ச வேண்டியதில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர் எடை மிகுந்தவராக இருந்தால், அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. தைராய்டுக்கு மாத்திரை உண்டு. கருமுட்டை வெளிவர உதவும் மாத்திரைகள் உண்டு. சோதனைக்குழாய் முறை வரை போக நேர்ந்தாலும் வழி அடைபடவில்லை. திருமண பந்தம் நீடிக்கும்போது, கணவன் மனைவி இருவருடையதை மட்டும் கொண்டு செய்வதைச் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1986இல் அனுமதித்தது. மூன்றாமவரின் கருமுட்டை, விந்து, கருப்பை ஆகியவற்றை அது தடுத்தது.

“தவக்குல் வைத்தால் போதாதா?” என்று கேட்கலாம். மருத்துவம் செய்யலாமா என்று கேட்ட கிராமவாசிகளிடம், செய்யுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். முதுமை ஒன்றைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்றும் அறிவித்தார்கள். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. ஓதிப் பார்ப்பவர் மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, குழந்தைக்கு உத்தரவாதம் கூறிப் பணம் கேட்டாலோ, அவரை விட்டு விலகுங்கள்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் சிலருக்குக் குழந்தை கிடைக்காமல் இருக்கலாம். ஆண் மக்கள், பெண் மக்கள், இரு பாலரும், எதுவுமின்மை என நான்கையும் அல்லாஹ் தன் நாட்டத்தின் கீழேயே சொல்கிறான். ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு குழந்தையையும் பெற்றெடுக்கவில்லை. ஆனால் நம் அனைவருக்கும் அவர்களே அன்னை. இதை அறிந்த சமுதாயத்தில் ஒரு பெண்ணை மலடி என்று அழைக்கும் நாவு எப்படி எழும்?

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் பெண்கள் தொழுகைக்காகவும் களா நோன்புக்காகவும் நாட்களை ஏற்கெனவே எண்ணி வருகின்றனர். அதை ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, போக்கின் அளவு, வலி, ரமளானுக்காகவோ உம்ராவுக்காகவோ தள்ளிப்போட மாத்திரை உட்கொண்டிருந்தால் அதுவும் அதில் இருக்கட்டும். மருத்துவர் முதலில் கேட்பவை இவைதாம். மார்க்கம் நமக்குப் பழக்கிவைத்த அந்தக் கணக்கு, உடலுக்கும் உதவட்டும்.

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், பிள்ளைக்காக ஏங்குவோருக்கு ஸாலிஹான சந்ததியையும், காத்திருப்போருக்கு ஸப்ரையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.