'சி.ஆர்.பி நார்மல்'னா குடல் நல்லா இருக்குன்னு அர்த்தமா? லேப் ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்!

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம்னு எந்தப் பக்கம் போனாலும் 'ஃபுல் பாடி செக்கப்' விளம்பரம் கண்ணில் படும். போனில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். எண் சிவப்பில் இருந்தால் பயம், இல்லையென்றால் நிம்மதி. ஆனால், எல்லா நோய்க்கும் இந்த நிம்மதியை நம்ப முடியாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அப்படி ஒரு நோய்.

உங்க வயசுலதான் ஆரம்பிக்கும்!

நம் நோய் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்கும் பிரச்னை இது. ரத்தமும் சளியும் கலந்த மோஷன், அடக்க முடியாத அவசரம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள் தொடங்குகிறது. கழிவறை இல்லாத தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் தினமும் ஆபீஸ் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே, 2020-ல் பதவி விலகக் காரணமே இந்த நோய்தான்.

'இதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்று நினைக்காதீர்கள். லூதியானாவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்விலேயே, லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு இந்த நோய் இருந்தது. நம் ஊரில் ரத்தம் போனாலே 'மூலம்'னு முடிவு செய்து, விளம்பரத்தில் பார்த்த இடத்துக்குப் போய்விடுகிறோம். சிகிச்சை தள்ளிப்போவது அங்கேதான்.

எந்த எண், என்ன சொல்லும்?

சி.ஆர்.பி என்பது உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கும் புரதம். டெங்கு, நிமோனியா, பல்லில் சீழ் என எதற்கும் ஏறும். அதேநேரம், கொலைட்டிஸில் அழற்சி உள்தோலோடு நின்றுவிடுவதால், குடலில் புண் இருந்தும் சி.ஆர்.பி நார்மலாகவே வரலாம். இ.எஸ்.ஆரோ ரத்தசோகை, வயது, கர்ப்பம் ஆகியவற்றாலும் மாறும்.

குடலை நேரடியாகக் காட்டுவது, மலத்தில் பார்க்கும் 'கால்புரோடெக்டின்' டெஸ்ட். குடலுக்குள் குவியும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் புரதம் இது. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் இதற்கு 150 என்ற எல்லையை வைக்கிறது. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை, அளவும் அதற்குக் கீழே என்றால், உடனே கொலனோஸ்கோப்பி தேவைப்படாது. தொந்தரவு அதிகம், அளவும் அதிகம் என்றால் அழற்சி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். தொந்தரவு லேசாக இருந்தால் எண்ணை மட்டும் நம்பாமல் ஸ்கோப்பி பார்ப்பது நல்லது.

இதிலும் சிக்கல் உண்டு. வலி மாத்திரை, வயிற்றுத் தொற்று, குடல் காசநோய் என எல்லாமே இந்த அளவை ஏற்றும். தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோய்க்காகவே உருவான இடம். அந்த நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. உயிரியல் மருந்துகளைத் தொடங்கும் முன் டாக்டர் டி.பி டெஸ்ட் கேட்பதற்குக் காரணம், உள்ளே தூங்கும் காசநோயை அவை எழுப்பிவிடலாம் என்பதுதான். பார்மசியில் நீங்களாகவே ஸ்டீராய்டு வாங்கிப் போடக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

எப்போது ஓட வேண்டும்?

1955-ல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு டாக்டர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளில் 6 முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு மோஷன், கூடவே 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், 90-க்கு மேல் நாடித்துடிப்பு, 10.5-க்குக் கீழே ஹீமோகுளோபின், 30-க்கு மேல் இ.எஸ்.ஆர் என இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது தீவிர நிலை. இ.எஸ்.ஆருக்குப் பதில் சி.ஆர்.பி 30-ஐத் தாண்டியதா என்றும் இப்போது பார்க்கிறார்கள். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'னு விடாமல், அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

அவ்வளவு தீவிரம் இல்லையா? ரத்தம் கலந்த மோஷன் தொடர்ந்தால், ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் குடல் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். செலவு கவலை என்றால், தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறீர்களா? 'சி.ஆர்.பி நார்மல்' என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை முறை மோஷன் போகிறது, ரத்தம் வருகிறதா, எடை குறைகிறதா என்று போனிலேயே குறித்து வையுங்கள். லேப் எண்களோடு அந்தக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டருக்கு முழு விஷயமும் புரியும்.