இந்த வயதில் எதற்கு என்று கேட்கும் முன்



ஆக்லாந்து கார்ன்வால் பூங்காவுக்கு மாலை நடைக்கு வரும் நம் பெரியவர்களில் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் உண்டு. வயது 81. போன கோடையில் ஒலிவ் மரங்களைத் தாண்டி மேடு ஏறும்போது இரண்டு தரம் நின்றார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "வயசு போட்டுது தம்பி, களைக்குது. வேறை ஒண்டும் இல்லை" என்றார். நானும் தலையாட்டிவிட்டு நடந்தேன். அந்தத் தலையாட்டல் இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஒரு மாதம் கழித்து அவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். குடும்ப டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் இதயத்தில் இரைச்சல் கேட்டது. எக்கோ எடுத்தபோது மகாதமனி வால்வு இறுகிச் சுருங்கியிருந்தது தெரிந்தது.

அன்று இரவே மகன் இங்கிருந்தும் மகள் டொரன்டோவிலிருந்தும் வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினார்கள். பேச்சு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். நம் வீடுகளில் அது அன்போடுதான் கேட்கப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் எண்களைப் பார்க்காமலே கேட்கப்படுகிறது.

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் புறப்படும் வாசலில் இருக்கிறது இந்த வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். வயதாக ஆக அந்த இதழ்களில் சுண்ணாம்பு படிந்து இறுகும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாசல், நோய் முற்றும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறுகிவிடும். இந்தச் சுருக்கத்தை நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, மயக்கம் என்று அறிகுறிகள் தோன்றிவிட்டால் நோய் வேகமெடுக்கும். இதய மருத்துவர்கள் ஜான் ராஸும் யூஜின் பிரவுன்வால்டும் 1968இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. நெஞ்சுவலி வந்தவர்கள் சராசரியாக ஐந்து ஆண்டுகளும், மயக்கம் வந்தவர்கள் மூன்று ஆண்டுகளும், இதயம் தளர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளும்தான் வாழ்ந்தார்கள். ஆகவே ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு விலை உண்டு.

சரி, வால்வை மாற்றிக்கொண்ட முதியவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள்? சுவீடனில் 1995 முதல் 2013 வரை திறந்த அறுவையில் மகாதமனி வால்வை மாற்றிக்கொண்ட 23,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்து, அதே வயதுடைய மற்ற மக்களோடு ஒப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் தங்கள் எதிர்பார்ப்பு ஆயுளில் சராசரியாக 4.4 ஆண்டுகளை இழந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்கள் இழந்தது 0.4 ஆண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்து மாதம். முதன்முதலில் இதை வாசித்தபோது திரும்பவும் ஒரு தரம் வாசித்தேன். அறுவையைத் தாங்கக்கூடியவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதியவர்கள் அவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லா 80 வயதுக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சிறுநீரகம், நுரையீரல், நினைவாற்றல், தானாக எழுந்து நடக்கும் வலு, இவையெல்லாம் பிறந்த வருடத்தைவிடப் பெரியவை.

நெஞ்சைத் திறக்கவே முடியாது என்று கைவிடப்பட்டவர்களுக்கும் இன்று வழி இருக்கிறது. பிரான்ஸின் ரூவான் நகரில் இதய மருத்துவர் ஆலன் கிரிபியே 2002 ஏப்ரலில், ரத்தக்குழாய் வழியாக வால்வைக் கொண்டுபோய் மனித இதயத்தில் முதன்முதலாகப் பொருத்தினார். டாவி என்று சொல்கிறார்களே, அது இதுதான். இப்போது பெரும்பாலும் தொடை வழியாகவே செய்கிறார்கள். 2010இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சராசரி வயது 83 உள்ள, அறுவைக்குத் தகுதியற்ற நோயாளிகளைப் பார்த்தார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 31 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணும் சிறியதல்ல. பக்கவாதம் வரும் ஆபத்தும் உண்டு. இதையெல்லாம் டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டும்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பெரிய இடம் இருக்கிறது. அம்மம்மா களைத்து நின்ற இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது கிரீன்லேன் மருத்துவமனை. பிரையன் பாரட்-பாய்ஸ் 1958இல் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு நியூசிலாந்தின் முதல் திறந்த இதய அறுவையை அங்கேதான் செய்தார். 1962 ஆகஸ்டில், இறந்தவரிடமிருந்து எடுத்த மனித வால்வை மகாதமனியில் அதற்குரிய இடத்திலேயே பொருத்தினார். லண்டனில் டொனால்ட் ராஸ் அதையே சில வாரங்கள் முன்பு செய்திருந்தார். இருவரும் தனித்தனியாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். உலகின் பல மூலைகளிலிருந்து இளம் மருத்துவர்கள் கற்றுக்கொள்ள கிரீன்லேனுக்கு வந்தார்கள். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த கே.எம்.செரியனும் நியூசிலாந்தில் பணியாற்றிவிட்டுப் போனவர்தான். இன்று ஆக்லாந்தின் இதய அறுவைகள் கிராஃப்டனில் உள்ள ஆக்லாந்து நகர மருத்துவமனையில் நடக்கின்றன.

பாரட்-பாய்ஸின் கடைசி நாட்களையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் 2006 மார்ச்சில், 82ஆம் வயதில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இதய வால்வு அறுவைக்குப் பிறகு காலமானார். வால்வு அறுவையின் ஆபத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகில் ஒரு சிலரே இருந்திருப்பார்கள். அறிந்தே அந்த வயதில் மேசையில் படுத்தார். அது அவருடைய முடிவு. நம் வீட்டுப் பெரியவருக்கும் அதே உரிமை உண்டு என்பதுதான் என் கட்சி. செய்துகொள்கிறேன் என்றாலும் சரி, போதும் விடுங்கள் என்றாலும் சரி.

அம்மம்மா விஷயத்தில் அந்த உரிமை தவறிப்போகப் பார்த்தது. அவர் பிறந்ததிலிருந்து சைவம். முதியவர்களுக்குப் பெரும்பாலும் பொருத்துவது மாட்டின் அல்லது பன்றியின் இதய உறையிலிருந்து செய்த வால்வு. இதை அவரிடம் சொல்லவே கூடாது என்று பிள்ளைகள் தீர்மானித்திருந்தார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் பேத்தி. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த அம்மம்மா, "அதின்ரை பாலிலைதானே நாங்கள் எல்லாரும் வளந்தனாங்கள். செய்யட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அது அவர் வாயிலிருந்து வந்த சொல்லாக இருந்திருக்கும்.

உலோக வால்வுக்காரர்களுக்கு வேறொரு கவனம் தேவை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் அறுவை மருத்துவர் வலியத்தானும் அவர் குழுவினரும் உருவாக்கிய சித்ரா என்ற உலோக வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இளவயதில் அப்படி வைத்துக்கொண்டவர்கள் இப்போது தாத்தா பாட்டியாகிப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறும் காலம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியவர்கள் அவர்கள். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இங்கே வந்ததும் முருங்கைக்கீரையை ஒரேயடியாக விடவும் வேண்டாம், கண்டதும் அள்ளிச் சாப்பிடவும் வேண்டாம். எப்போதும்போல ஒரே அளவில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அறுவைக்குப் பிந்திய முதல் சில நாட்களில் முதியவர்களுக்குச் சிந்தை தடுமாறலாம். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகலாம். பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் அந்நேரம் கைகொடுக்காமல் போகலாம். பக்கத்தில் தமிழில் பேச ஒரு குரல், அவருடைய மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, இந்த மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். நியூசிலாந்தில் 1996 முதல் நடைமுறையில் உள்ள நோயாளர் உரிமைச் சட்டக்கோவையின் ஐந்தாம் உரிமை, தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் வழியைத் தருகிறது. எட்டாம் உரிமை துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. பேரன் மொழிபெயர்த்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் அன்பினால் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

ஊரிலிருந்து பார்வையாளர் விசாவில் பெற்றோரை அழைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பொதுவாக அவர்களுக்கு இங்கே அரசுச் செலவில் சிகிச்சை இல்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டி, இதயத்தில் இரைச்சல் கேட்டால் எக்கோவும் எடுத்துவிடுங்கள். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். போன வருடம் நிற்காமல் ஏறிய மேட்டில் இந்த வருடம் நின்றால், அதை வயதின் தலையில் போடாதீர்கள். இந்த வாரமே குடும்ப டாக்டரிடம் போய், "என் நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்