விருந்தினருக்கு நம் பனிக்காலம்

ஆண்டுதோறும் தை மாதத்தில் சென்னை நந்தம்பாக்கத்தில் சர்வதேசத் தோல் கண்காட்சி தொடங்குகிறது. அதனையொட்டி அயல்நாட்டு வணிகர் பலர் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களுக்கு வந்து போகின்றனர். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கின்றனர். மாதிரித் தோலைத் தடவிப் பார்க்கின்றனர். ஆம்பூர் பிரியாணி உண்கின்றனர். அன்று மாலையே குளிர்சாதனக் காரில் ஏறிச் சென்னைக்குத் திரும்பிவிடுகின்றனர். கார்க் கண்ணாடிக்கு வெளியே தை மாதம் நடந்துகொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதேயில்லை. இதனை விருந்தோம்பலில் நேர்ந்த ஒரு குறை என்றே நாம் கருதுகிறோம்.

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது நமக்கே வழக்கமாகிவிட்டது. ஆதலின் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறோம். ஆனால் நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பனிக்கு மட்டும் இரண்டு பொழுதுகளை ஒதுக்கினர். வெயிலுக்கும் அதே கணக்குத்தான். இளவேனில் ஒன்று, முதுவேனில் ஒன்று.

சென்ற தை மாதத்தில் வட ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரித்தார். பனி என்ற நம் சொல் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளிக்கும், அவருடைய ஊரில் முழங்காலளவு குவிந்து கிடக்கும் வெண்பனிக்கும் பொதுவாக நிற்பதை விளக்கியபோது இன்னும் சிரித்தார். மறுநாள் விடியுமுன் அவரை அழைத்துக்கொண்டு குடியாத்தம் சாலையில் புறப்பட்டோம். நம் உறுப்பினர் இருவர் காதை மூடித் துண்டு கட்டியிருந்தனர். ஒருவர் கம்பளிக் குல்லாவே அணிந்திருந்தார். விருந்தினரோ அரைக்கைச் சட்டையோடு வந்தார். அவருக்குக் குளிரவில்லை, இதை மறைப்பானேன்?

எனினும் காட்டுவதற்கு நம்மிடம் குளிர் ஒன்றுதானா இருக்கிறது? கரும்புத் தோட்டத்து ஓரம் நின்றோம். இரவின் குளிர்ச்சியில்தான் கரும்பில் சர்க்கரை ஏறுகிறது என்று தோட்டத்துக்குரிய பெரியவர் விளக்கினார். இதே பனி நீடித்தால் மாம்பூவைத் தத்துப்பூச்சி தின்றுவிடும், மொச்சையில் அசுவினி மொய்க்கும் என்றும் சொன்னார். ஒரே காலை ஒருவருக்கு வரவாகவும் அடுத்த வயலாருக்குச் செலவாகவும் இருப்பதை அவர் கைவிரலில் எண்ணிக் காட்டியதை விருந்தினர் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து திரும்பும் வழியில் மேட்டு நிலத்தில் ஆவாரம்பூ மலர்ந்திருந்தது. தோல் வணிகர் ஒருவருக்கு இப்பகுதியில் காட்டவேண்டிய முதற்பொருள் இதுதான் என்பது நம் எண்ணம். நம் வீடுகளில் பொங்கலுக்கு முன்னாள் காப்புக் கட்டும்போது பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துச் செருகும் இதே செடியின் பட்டையைக் கொண்டுதான் முற்காலத்தில் இங்கே தோல் பதனிடப்பட்டது. மலைக்காட்டுக் கடுக்காயும் துணை நின்றது. பிறகு வாட்டில் பட்டை கடல் கடந்து வந்தது. அதன்பின் குரோமியம் வந்தது. தாம் இத்தனை ஆண்டுகளாக வாங்கும் சரக்கின் முன்னோடி மஞ்சள் பூவாக வழியோரம் நின்றதைக் கண்டு அவர் குனிந்து ஒரு கொத்துப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நெசவாளர் தெருவுக்குப் போனபோது கஞ்சி தோய்த்த பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்தனர். வெயில் ஏறிவிட்டால் இழை முறுகி அறும். பனி மிகுந்தால் கஞ்சி காயாது. இரண்டுக்கும் இடையே கிடைக்கும் சிறு நேரத்தைப் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. இங்கே நாம் அதிகம் பேசவேண்டியிருக்கவில்லை. விருந்தினர் தாமாகவே பாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், வேலை சிறிது கெட்டது, யாரும் கோபிக்கவில்லை.

இனி, சிக்கலான இடத்துக்கு வருவோம். பாலாற்றுக்கு அவரை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று முந்தைய நாளே நமக்குள் வாதம் எழுந்தது. ஆற்றைக் காட்டினால் ஆர்டர் போய்விடும், போனால் உழைப்பாளி வீட்டு அடுப்பு அணையும் என்றார் ஓர் உறுப்பினர். அவர் மகன் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஆகவே அவருடைய அச்சத்தை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் இந்த ஆறு இரகசியமா? தோலோடு வரும் உப்பும் பதனிட்ட கழிவும் ஆற்றிலும் கிணற்றிலும் நிலத்திலும் இறங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பாயிற்று. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்ற நம் வேலூர் வழக்கே பெருங்காரணம். உலகெங்கும் சட்ட மாணவர் அதைப் படிக்கின்றனர். 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அதுவும் ஒரு தை இரவுதான். பின்னர் 2025 சனவரி 30 அன்று மீண்டும் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறும், அதனை மாசுபடுத்தியவரிடம் வசூலிக்குமாறும் ஆணையிட்டது. இவ்வளவும் அச்சில் ஏறிய செய்தி. வாங்குபவர் அறியாதிருப்பார் என்று எண்ணுவது நம்மை நாமே ஏய்த்துக்கொள்வதாகும்.

ஆகவே போனோம். மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய அதே ஆற்றில் அன்று மணலும் சீமைக் கருவேலமும், நடுவே கருத்த ஓர் ஓடையுமே இருந்தன. விருந்தினர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இங்குள்ள கிணற்று நீரை யார் குடிக்கிறார்கள் என்று கேட்டார். கரும்புத் தோட்டத்துப் பெரியவரும் எங்களோடு வந்திருந்தார். "ஐயா, குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. பயிருக்குத்தான் குழாய் இல்லை," என்றார். இதை மொழிபெயர்த்துச் சொல்ல நமக்குச் சற்று நேரமாயிற்று.

கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாது சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் இன்று இப்பகுதியில் இயங்குகின்றன. அவற்றுக்குப் பெருஞ்செலவு பிடிக்கிறது. விலை பேசும் மேசையில் அச்செலவைக் கணக்கில் எடுக்காத வாங்குபவரும் இந்த ஓடைக்கு ஓரளவு பொறுப்பாளிதான். அவர் ஆற்றைப் பாராமல் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது? மறைத்துப் பெறும் ஆர்டரில் விலையும் நம் கையில் இருப்பதில்லை. ஆற்றங்கரையில் நின்று பேசிய விலையில் ஒரு நேர்மை இருக்கும் என்று நாம் நம்புகிறோம். அந்த விருந்தினர் இனி என்ன விலை கொடுப்பார் என்பதற்கு நாம் உறுதி கூற முடியாது. சுத்திகரிப்புச் செலவின் விவரத்தை மட்டும் கேட்டு வாங்கிச் சென்றார்.

சங்கங்கள் செய்யக்கூடியது இதுதான். கண்காட்சிக்கு வருபவரின் பயணத்தில் அரைநாளை, அதுவும் விடியற்காலையை, கேட்டுப் பெறவேண்டும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்கினால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அது உல்லாசப் பயணம், தவறில்லை, ஆனால் நம்மைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தங்குபவராயின் இரவில் சவ்வாது மலைப் பக்கம் அழைத்துப் போகலாம்; காவலூரில் வானாய்வுக்கூடம் அமைந்ததற்குக் காரணமான வானம், தையில் எவ்வளவு தெளிவு என்பதை அங்கே காணலாம். மதிய உணவுக்கு எலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருக்கட்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது, பயிரிட்டவரே பரிமாறினால் இன்னும் நன்று. மொழிபெயர்க்க நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கின்றனர்.

பாவு நீட்டும் தெருவும், ஆவாரம் மண்டிய மேடும் அறிந்த உறுப்பினர்கள் மார்கழி பிறக்குமுன் தத்தம் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கம்பளிக் குல்லா உள்ளவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டியதில்லை.