செங்கல் பிரேக்

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு கார் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பற்றி எழுத என்னடா தகுதி என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். தகுதி ரெண்டு இருக்கிறது. ஒன்று, போன மாதம் எங்கள் வீட்டு மாருதி 800-க்கு நானே கேபிள் மாற்றினேன். இன்னொன்று, அதற்கு ரெண்டு வாரம் முன்னால் அதே வண்டி ஆளே இல்லாமல் தெருவில் உருண்டு போனதை நின்று பார்த்தேன்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் வீடு செல்லூர். (செல்லூர் என்றதும் தெர்மாகோல் ஜோக் அடிக்க நினைப்பவர்கள் அடித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.) 2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் பெய்த மழை ஞாபகம் இருக்கும். கண்மாய்த் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஊருக்குள் வந்த நாள். அப்பாவின் 2008 மாடல் மாருதி 800 அன்றைக்கு வீல் பாதி முங்கும் அளவு தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, சீட் நனையவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். அடியில் தொங்கும் கேபிளை யார் நினைத்தார்கள்?

சில மாதம் கழித்து ஹேண்ட் பிரேக் லிவர் கல்லு மாதிரி இறுகியது. பிறகு ஒரு நாள் 'டொப்'பென்று சத்தம் வந்தது, அதற்கப்புறம் லிவர் மேலே கீழே சும்மா ஆடியது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு செங்கல் வாங்கி வந்தார். வண்டியை நிறுத்தினதும் கியரில் போடுவது, பின் வீலுக்கு செங்கலை முட்டுக் கொடுப்பது. கிளம்பும்போது செங்கலை எடுத்து டிக்கியில் போட்டுக்கொள்வது. ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டு பார்க்கிங் பிரேக் அதுதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். சாயங்காலம் எங்கள் ஏரியாவில் ஒரு ரவுண்டு வாருங்கள். கல், மரக்கட்டை, உடைந்த ஹாலோ பிளாக் என்று லோடு ஆட்டோவில் இருந்து டாக்ஸி வரைக்கும் வீலுக்கு முட்டு வைத்து நிற்கிற வண்டிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரி வண்டியைக் கொண்டுவந்து விட்டது நான். கியரில் போட மறந்து நியூட்ரலில் விட்டுவிட்டேன். செங்கல் மட்டும் வைத்திருந்தேன். காலையில் அம்மா வாசல் தெளிக்கும்போது செங்கல் இடைஞ்சலாக இருக்கிறது என்று காலால் லேசாகத் தள்ளினார். அவ்வளவுதான். எங்கள் தெரு பார்த்தால் சமதளம் மாதிரிதான் இருக்கும், தண்ணீர் ஊற்றினால்தான் சரிவு தெரியும். கார் தெரிந்து வைத்திருந்தது. பைய்ய நகர்ந்தது. நான் பல் விளக்கிக்கொண்டே "அம்மா, வண்டி போகுதும்மா"ன்னு கத்தினேன். கத்தினேனே தவிர, கால் நகரவில்லை. இருபதடி போய், தண்ணிக் குடங்கள் வரிசையில் ஏறி, மூணு பிளாஸ்டிக் குடத்தை நசுக்கி, மின்கம்பத்தில் முட்டி நின்றது. அந்தக் குடங்களுக்குப் பக்கத்தில் தினமும் ஒரு குட்டிப் பையன் உட்கார்ந்து மண்ணில் விளையாடுவான். அன்றைக்கு அவன் ஆச்சி அவனைக் குளிப்பாட்ட உள்ளே தூக்கிப் போயிருந்தார்.

குடத்துக்குக் காசு கொடுத்துவிட்டோம். அந்த ஆச்சி எங்களைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கால் பிரேக் வேலை செய்யவில்லை என்றால் எவனும் வண்டியை ஒரு தெரு தாண்டி எடுக்க மாட்டான். ஹேண்ட் பிரேக் போனால் வருஷக் கணக்கில் ஓட்டுகிறோம். காரணம், அது போனது ஓட்டுகிறவனுக்கு உறைப்பதில்லை. வண்டிக்குள் நாம் இல்லாத நேரத்துக்கான பிரேக் அது. அது இல்லாததால் அடிபடப் போகிறவன் பெரும்பாலும் வெளியே நிற்கிறவன்.

அப்பாவின் கட்சி வேறு. "கியர்ல போட்டா வண்டி எங்கிட்டுடா நகரும்?" என்பார். முழுக்கத் தப்பில்லை. கியரில் போட்டால் வீல் சுற்ற வேண்டுமானால் இன்ஜினையும் சேர்த்துச் சுற்ற வேண்டும், இன்ஜினுக்குள் அமுங்கும் காற்று அதைத் தடுக்கும். ஆனால் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பழைய இன்ஜினில் இன்னும் சீக்கிரம் கசியும். அதோடு கியரில் போட வேண்டும் என்பது ஒரு மனுஷன் ஞாபகம் வைக்க வேண்டிய காரியம். நான் மறந்தேன், ரெண்டு பேர் ஓட்டுகிற வண்டியில் யாராவது ஒருத்தர் என்றைக்காவது மறக்கத்தான் செய்வார்.

இது நம்மூர் ஓட்டை வண்டிக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஸ்டார் டிரெக் படங்களில் செக்கோவாக வந்த ஆன்டன் யெல்ச்சின் 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் செத்துப்போனது இப்படித்தான். வயசு 27. இறங்கி நின்றவரை, வீட்டுச் சரிவில் பின்னால் உருண்டு வந்த அவருடைய ஜீப்பே தூணோடு வைத்து நசுக்கியது. பார்க்கிங்கில் போட்டாயிற்று என்று நினைத்து நியூட்ரலில் விட்டு இறங்கிவிடுகிற மாதிரி கியர் லிவர் குழப்புகிறது என்று அதற்கு ரெண்டு மாதம் முன்னால்தான் அந்த ரக வண்டிகளையும் சேர்த்துச் சுமார் 11 லட்சம் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்திருந்தது. அது லட்சக்கணக்கில் விலை உள்ள ஆட்டோமேட்டிக் வண்டி. கியரை நம்பக்கூடாது என்பதில் அதற்கும் எங்கள் 800-க்கும் வித்தியாசம் இல்லை.

சட்டத்தையும் புரட்டினேன் (வணிகச் சட்டம் பேப்பரில் எடுத்த மார்க்கைக் கேட்கக் கூடாது). 1988 மோட்டார் வாகனச் சட்டம் 126-வது பிரிவு, டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமல் பொது இடத்தில் வண்டி நின்றால் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. அந்த 'வேறு ஏற்பாடு'தான் செங்கல் என்று அப்பா ஒரே பிடி. நல்ல பாயிண்ட்தான். ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96-வது விதி, காருக்குக் கால் பிரேக், பார்க்கிங் பிரேக் என்று ஒன்றை ஒன்று சாராத ரெண்டு பிரேக் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே செங்கலுக்கு இடமில்லை. 15-வது விதிப்படி லைசென்ஸ் டெஸ்டிலேயே மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுத்துக் காட்ட வேண்டும். நான் படித்த டிரைவிங் ஸ்கூலில் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே விடவில்லை. "அது உனக்கு எதுக்குத் தம்பி" என்றார் மாஸ்டர்.

மெக்கானிக்கும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மூணு தடவை போனேன். "கியர்ல போட்டு விடுங்க தம்பி, பெறவு பாப்போம்." முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைப் பார்த்தபோது மனுஷன் மேல் கோபம் போய்விட்டது. எது பற்றாக்குறையாக இருக்கிறதோ அதில் ஒரு அலகுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் எந்த வேலையை எடுப்பது என்று முடிவு பண்ண வேண்டும் என்று படிக்கிறோம் இல்லையா? அவருக்குப் பற்றாக்குறை நேரம். ஆயில் சர்வீஸ் அரை மணியில் முடியும், காசு வரும். ஹேண்ட் பிரேக் கேபிள் என்றால் ரெண்டு பின் வீலையும் கழற்றி, டிரம்மோடு மல்லுக்கட்டி, அரை நாள் போய், கூலி கேட்டால் "ஒரு ஒயருக்கா இவ்வளவு?" என்று நாம் சண்டை பிடிப்போம். அவர் ஏன் எடுக்கப் போகிறார்?

ஓட்டுகிறவனுக்கு உறைக்கவில்லை, சரி பண்ணுகிறவனுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. அப்படியானால் இந்த வேலை யாருடையது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குச் சந்தையில் பைசா விலை இல்லாத என் மாதிரி ஆளுடையது :-) அதனால்தான் சொல்கிறேன், காரில் வீட்டிலேயே செய்யத் தகுந்த வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை, சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரியேதான். வெளியே ஒரு உறை, உள்ளே முறுக்குக் கம்பி. கால் பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது, ஹேண்ட் பிரேக் வெறும் கம்பி இழுப்பில். கம்பி போய் பின் டிரம்முக்குள் இருக்கும் ஒரு சின்ன லிவரை இழுக்கும், அது பிரேக் ஷூவை விரித்து டிரம்மோடு அழுத்தும். எங்கள் வண்டியில் உறை ஒரு இடத்தில் கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே போய், கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது.

கேபிள் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து எண்ணூற்றுச் சொச்சம் ஆனது. எதிர்வீட்டு மாமா, லேத் பட்டறையில் இருந்து ரிட்டையர் ஆனவர், துணைக்கு வந்தார். முதலில் முன் வீல் ரெண்டுக்கும் முட்டு (செங்கலுக்கு முதல் தடவையாக உருப்படியான வேலை). ஜாக்கியில் தூக்கினதும் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டார் மாமா. "ஜாக்கிய நம்பி உள்ள தலைய விட்டவன் நெறைய பேரு போய்ச் சேந்துட்டான் மாப்ள" என்றார். உள்ளே லிவர் அடியில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டை முழுக்கத் தளர்த்தினோம். டிரம்தான் உயிரை வாங்கியது. நடுவில் தகர மூடி, அதற்குள் ஸ்ப்ளிட் பின் போட்ட பெரிய நட்டு. அதை எடுத்த பிறகும் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டியிருந்தது.

டிரம் வந்ததும் உள்ளே கறுப்புத் தூள். நான் ஊதப் போனேன். மாமா வாயைப் பொத்தினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்குகளைக் கழற்றும் முன் போனில் நாலு போட்டோ எடுத்தேன். ஒரு பக்கம் முழுக்க முடிகிற வரை அடுத்த பக்கத்தைத் தொடவில்லை, சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அதுதான் விடைத்தாள். இந்த நேரத்தில் என் தம்பி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து விளையாட ஆரம்பித்தான். மாமா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. டிரம் இல்லாத நேரத்தில் யாராவது கால் பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே பிதுங்கி, ஆயில் கொட்டி, நம் ஞாயிற்றுக்கிழமை வேலை திங்கட்கிழமை மெக்கானிக் வேலையாகிவிடும்.

புதுக் கேபிளைப் பழையது போன அதே வழியில், அதே கிளிப்புகளில், சைலன்சரில் படாமல் கொண்டுபோக வேண்டும். ஸ்ப்ளிட் பின் புதுசுதான் போட வேண்டும், பழசை நிமிர்த்திப் போடுவது கஞ்சத்தனம் இல்லை, பைத்தியக்காரத்தனம். கடைசியில் அட்ஜஸ்ட்மென்ட். லிவர் எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். லிவரை இறக்கினால் வீல் கையால் சுற்றினாலே லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாமல் உரசினால் ஓட ஓட டிரம் சூடாகிவிடும். எங்களுக்கு ரெண்டு தடவை தப்பாகி மூன்றாவதில் சரியானது. காலை எட்டுக்கு ஆரம்பித்தது சாயங்காலம் நாலரை.

எல்லோரும் ஸ்பேனரைத் தூக்குங்கள் என்று சொல்லவில்லை. டிரம்முக்குள் ஆயில் கசிவு தெரிந்தாலோ, லைனிங் தேய்ந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு மாமா இல்லாமல் முதல் தடவை செய்யாதீர்கள். இப்போது வருகிற வண்டிகளில் பலது பட்டனை அழுத்தினால் மோட்டார் பிரேக் போடுகிற ரகம், அதில் நம் கைவேலைக்கு அதிகம் இடமில்லை. ஆனால் லிவர் வைத்த வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் பல வருஷம் நிற்கும். எரிச்சல் என்னவென்றால், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா ஆரம்பித்த டி.வி.எஸ். குடும்பம் பஸ் கம்பெனி நடத்தி வளர்ந்தது இந்த மதுரையில்தான். அந்த ஊரில் வீலுக்குக் கல்லு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை தத்தனேரி பாலம் ஏறும்போது டிராபிக்கில் மேட்டிலேயே நிற்க வேண்டி வந்தது. லிவரை இழுத்துவிட்டு ரெண்டு காலையும் எடுத்தேன். வண்டி அசையவில்லை. பின்னால் ஒட்டி நின்ற ஷேர் ஆட்டோக்காரருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரிந்திருக்காது.

சாயங்காலம் அப்பாவும் ஓட்டிப் பார்த்தார். வீட்டு வாசலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் போட்டு, இறங்கினார். "நல்லாத்தான்டா பண்ணிருக்க" என்றார். அப்புறம் டிக்கியைத் திறந்து செங்கலை எடுத்து பின் வீலுக்கு வைத்துவிட்டு உள்ளே போனார்.