அத்தி வரதர் இல்லீங்க, அது அக்சஸ் ஃபைல்!

டிஸ்கி: இது ஒரு பொட்டி தட்டுறவனோட புலம்பல். பட்டுப்புடவை விலை தேடி வந்தவங்க அப்படியே காந்தி ரோடு பக்கம் போயிடுங்க :-)

போன தீபாவளிக்கு லீவு போட்டு காஞ்சிபுரம் போனேன். ஆணி புடுங்குறதுலேர்ந்து நாலு நாள் விடுதலைன்னு நெனச்சா, வீட்டுக்குள்ள கால் வைக்கல, போன். பிள்ளையார்பாளையத்துல நெசவாளிங்களுக்குப் பாவு கொடுத்து புடவை வாங்குற ஒருத்தர் (பேரு வேணாம்). அவரு கணக்கு ஃபைல் திறக்கலையாம்.

எம்.எஸ். அக்சஸ் ஃபைல். யாருக்கு எத்தனை கிராம் பட்டு போச்சு, ஜரிகை எவ்வளவு, திரும்பி வந்த புடவை எடை என்ன, முன்பணத்துல எவ்வளவு கழிஞ்சது, கூலி பாக்கி எவ்வளவு, எல்லாமே அந்த ஒத்தை ஃபைல்ல. வாசல்ல எட்டு பேர் கூலிக்கு நிக்கிறாங்க. எல்லாம் எங்கப்பா வயசு.

முதலாளி கணக்கு பாக்குற அண்ணனைப் போட்டு வறுத்துக்கிட்டு இருந்தாரு. "வாராவாரம் காம்பாக்ட் பண்ணச் சொல்லி ஒட்டியிருக்கே, பண்ணியா?" அண்ணன் தலையக் குனிஞ்சு, "மறந்துட்டேங்க". மானிட்டர் ஓரத்துல மஞ்சளாப் போன ஒரு சீட்டு: 'வாரம் ஒருமுறை காம்பாக்ட் செய்யவும்'.

மக்களே, அந்தச் சீட்டை ஒட்டினவன் நான்தான். காலேஜ் படிக்கும்போது அந்த ஃபைலைப் பண்ணிக் கொடுத்தவனும் நான்தான்.

அதனால இந்தப் பதிவு கணக்கு அண்ணனுக்கு எதிரா இல்ல. 'பயனாளர் பாத்துக்குவார்'னு எழுதிட்டு காசு வாங்கிட்டுப் போற நம்ம எல்லாருக்கும் எதிரா.

அக்சஸ்ல ஒரு வரியை அழிச்சா அந்த இடம் ஃபைலை விட்டுப் போறதில்ல. ஃபைல் ஊதிக்கிட்டே போகும், 2 ஜிபி வந்தா முட்டிக்கிட்டு நிக்கும். காம்பாக்ட் பண்ணினா உள்ள இருக்குறதைப் புது ஃபைலா அடுக்கி, இண்டெக்ஸையும் திரும்பக் கட்டும். இது பெருக்குற வேலை. அத்தி வரதர் 1979-க்கு அப்புறம் 2019-ல எழுந்தருளினாரு, 48 நாள் ஊரே திருவிழா. டேட்டாபேஸ் பராமரிப்பையும் நாம அப்படித்தான் வச்சிருக்கோம். ஃபைல் செத்தாத்தான் தரிசனம்.

"மூடும்போது தானா காம்பாக்ட் ஆகுற ஆப்ஷன் இருக்கேப்பா"ன்னு சொல்ல வர்றீங்க. இருக்கு. ஆனா டேட்டா தனி ஃபைல், ஃபாரம் தனி ஃபைல்னு ஒழுங்கா பிரிச்சு வச்சிருந்தா, அந்த ஆப்ஷன் நீங்க திறந்த ஃபாரம் ஃபைலை மட்டும்தான் சுருக்கும். டேட்டா ஃபைலைத் தொடவே தொடாது! வாசலைக் கூட்டிட்டு வீடு சுத்தம்ங்கற கதை. அதைவிட மோசம், பேக்கப் எடுக்காம பழுது பாக்குறது. படிக்க முடியாத வரிகளை அது விட்டுட்டும் போகலாம்.

அப்ப எப்படித்தான் தானியங்கியாக்குறது? ராத்திரி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு ஸ்கிரிப்ட். முதல்ல பூட்டு ஃபைல் இருக்கான்னு பாக்கணும். இருந்தா யாரோ திறந்து வச்சிருக்காங்க, கை வைக்கக்கூடாது. அப்புறம் தேதி போட்டு ஒரு நகல். அப்புறம் வேற பேர்ல காம்பாக்ட். பழசுலயும் புதுசுலயும் வரிகளை எண்ணணும், கூலி பாக்கி மொத்தத்தைக் கூட்டிப் பாக்கணும். ரெண்டும் ஒத்தாத்தான் பேர் மாத்தணும். ஒக்கலைன்னா பழசு அப்படியே இருக்கட்டும், காலைல ஸ்கிரீன்ல பெருசா கத்தணும். ஒரு நகல் வேற டிஸ்க்குக்குப் போகணும். அவ்ளோதான்.

"அக்சஸைத் தூக்கிப் போட்டுட்டு கிளவுடுக்குப் போ"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். போங்க சாமி. ஆனா 2017 ஜனவரி 31 ஞாபகம் இருக்கட்டும். கிட்லாப்ல ஒரு இன்ஜினியர் தவறுதலா பிரதான டேட்டாபேஸை அழிச்சாரு. பேக்கப்பைத் தேடினா, அது எடுக்கப்படவே இல்ல. பேக்கப் ஃபெயில்னு சொல்ற மெயிலும் யார் கைக்கும் போய்ச் சேரல. ஆறு மணி நேர டேட்டா போச்சு. பெரிய சர்வர்னாலும் சரி, மூணு கம்ப்யூட்டர் கடைன்னாலும் சரி, வியாதி ஒண்ணுதான்: ஓடுதுன்னு நம்புறோம், ஓடிச்சான்னு பாக்குறதில்ல.

எங்க கதை என்னாச்சு? மூணு வாரம் பழைய நகல் ஒண்ணு பென் டிரைவ்ல கெடச்சுது. மீதியை ரெண்டு ராத்திரி உக்காந்து ரசீதுலேர்ந்து ஏத்தினோம். ஒரு பெரியவர் ரசீதைத் தொலைச்சிட்டாரு. "கொடுத்தாருங்க, நான்தான் எடை போட்டேன்"னு சாட்சி சொன்னது யாரு தெரியுமா? அதே கணக்கு அண்ணன். மெஷின் மறந்ததை மனுஷன் ஞாபகம் வச்சிருந்தாரு. அவரைத்தான் மறதிக்காரர்னு திட்டினோம்.

இது ஜக்கார்டு ஓடுற ஊருய்யா. ஒரு காலத்துல டிசைனுக்காகக் கூட ஒரு ஆள் உக்காந்து அடை இழுப்பாங்க. அப்புறம் டிசைனை ஞாபகம் வச்சிக்கிற வேலையை ஓட்டை போட்ட அட்டைக்குக் கொடுத்துட்டாங்க நெசவாளிங்க. நான் இன்ஜினியரிங் படிச்சவன், மெஷின் செய்ய வேண்டியதை ஒரு மஞ்சள் சீட்டுல எழுதி மனுஷன் தலையில கட்டினேன்.

ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கிரிப்டைப் போட்டேன், நகல்லேர்ந்து ஒரு தடவை திறந்தும் பாத்தேன். சீட்டைக் கிழிச்சேன். உங்க ஊர்லயும் நீங்க ஒட்டின சீட்டு ஒண்ணு இருக்கும். பொங்கலுக்குப் போனா கிழிச்சிட்டு வாங்க.

திட்டணும்னா பின்னூட்டத்துல கும்முங்க. அண்ணனை விட்டுடுங்க.