மே மாதத்தில் கூத்து முகாம் இல்லை: எங்கள் நிலைப்பாடு

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் தெருக்கூத்து முகாம் நடத்துங்கள் என்று பள்ளிகளும் பெற்றோரும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். செய்யாறு வட்டாரத்தில் இயங்கும் எங்கள் கூத்துப் பயிற்சி மையம் இனி மே மாதத்தில் முகாம் நடத்தாது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் புரட்டாசி முதல் தை வரையுள்ள சனி, ஞாயிறுகளிலும் நடத்தும்.

நீச்சலுக்கும் கராத்தேவுக்கும் ஓவியத்துக்கும் மே மாதம் பொருந்தும், கூத்துக்குப் பொருந்தாது. பங்குனி பிறந்தாலே வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறத் தொடங்கிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கொரு கதையாகப் போய், பதினெட்டாம் போர் முடிந்த காலையில் துரியோதனன் வீழும் படுகளம், மாலையில் தீமிதி. ஓர் ஊரில் முடிந்தால் அடுத்த ஊர் காத்திருக்கும். சித்திரையும் வைகாசியும் உச்சம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடியவர், காலையில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வேனிலேயே தூங்கி, அடுத்த ஊரில் இறங்கி மறுபடி முகம் எழுத உட்காருகிறார். அவரைக் காலை ஒன்பது மணிக்கு வகுப்பெடுக்க வாருங்கள் என்று எந்த வாயால் கூப்பிடுவது?

கூப்பிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். கையில் இருக்கும் ராத்திரியை விட்டுவிட்டு அவர் வர வேண்டும். சீசன் தொடங்கும் முன்பே ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முன்பணம் வாங்கியவர் அப்படி வந்தால், துரியோதனனுக்கு ஆள் இல்லாமல் ஜமா ஊரார் முன்னால் நிற்கும். இல்லாவிட்டால், எந்த ஜமாவும் அழைக்காத, இன்னும் பாடம் தேறாத ஒருவரை வாத்தியார் என்று பிள்ளைகள் முன் நிறுத்த வேண்டியிருக்கும். கோடை முகாம்களில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவதுதான் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. கருமாதி வீடுகளில் கர்ண மோட்சம் ஆட அழைப்பு வரும். மற்றபடி ராத்திரிகள் காலி. கர்ணனாக நின்று ஊரையே அழவைத்தவர் கட்டட வேலைக்கும் கழனி வேலைக்கும் போகிறார். முகாமின் சம்பளம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டிய காலம் அதுதான். ஆகவே எங்கள் விதி இது: சீசனில் ஓர் இரவுக்கு அவர் வாங்குவதற்குக் குறையாமல் ஒரு நாள் வகுப்புக்குச் சம்பளம். பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கம் எங்களிடம் கிடையாது. பொன்னாடையை வாங்கிக்கொண்டு எந்த மளிகைக் கடையிலும் அரிசி தருவதில்லை.

மழைக்காலத்தில் எங்கே ஆடுவது என்று கேட்கிறார்கள். சமுதாயக் கூடம் போதும். அடவுக்கும் தாளத்துக்கும் கூரை இருந்தால் சரி.

சென்னையிலிருந்து வருவோர் சொல்லும் மறுப்பு இன்னும் கனமானது. மே மாதத்தை விட்டால் அவர்களுக்கு நீண்ட விடுமுறை இல்லை. நகரத்தார் கூத்துப் படிப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான், நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் மே மாதத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் தருவது வகுப்பு அல்ல, ஒரு முழு இரவு. பொழுது சாயும்போதே வேஷம் கட்டும் கொட்டகைக்கு அழைத்துப் போவோம். அவரவர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வதையும், கல்யாண முருங்கையில் செதுக்கிய கட்டைகளை, அதாவது மர அணிகலன்களை, ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டுவதையும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். கலைஞரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பிறகு பாய் விரித்துக் கூத்துப் பார்க்கலாம். தூக்கம் வந்தால் தூங்கலாம். ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் எழுப்பிவிடுவான்.

நிறைவு விழா பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் மாட்டி மேடையில் ஒரு போட்டோ என்பது பல பெற்றோரின் ஆசை. பத்து நாள் பயின்ற பிள்ளைக்குக் கட்டை வேஷம் கட்டமாட்டோம். அந்தப் பாரத்தோடு சுற்றி ஆடக் காலும், பாடக் குரலும் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். கடைசி நாளில் ஒத்திகை உண்டு: சாதாரண உடையில், வேஷம் நுழையும்போது பாடும் திரை விருத்தம் ஒன்று, சில அடவுகள், கூடவே மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும். பெற்றோர் வந்து பார்க்கலாம். கோப்பை, தரவரிசை, சான்றிதழ் எதுவும் கிடையாது.

பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சி, ஒரே வேஷங்கள். இதை இனியும் விவாதப் பொருளாக்க நாங்கள் தயாரில்லை. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் பயின்று, பெரிய வேஷங்களைக் கட்டி ஆடிக் காட்டிவிட்டார்கள்.

கட்டணம் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும். சுற்று வட்டாரப் பிள்ளைகளும் கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் எதுவும் தர வேண்டாம். நன்கொடை தரும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகாமைக் கோடைக்கு மாற்றச் சொல்லாதீர்கள்; பணத்தை ஆவணிக்குள் கொடுங்கள். பிள்ளைகளின் பெயர்ப் பதிவும் ஆவணியில்தான். பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு நேரில் வர வேண்டும்.