காபெஸ்: ஊருக்குக் கழிவு, உலகுக்கு உரம்

துனீசியாவின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறது காபெஸ் நகரம். பேரீச்சந்தோப்பு கடற்கரை வரை நீளும் அபூர்வமான ஊர். உயரே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அடியில் காய்கறியும் மருதாணியும் என மூன்றடுக்கு விவசாயம். இந்தச் சோலை 2008-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. நபித்தோழர் அபூ லுபாபா (ரலி) அவர்கள் இங்கே அடங்கியிருப்பதாக ஊர் மக்கள் நம்புகிறார்கள்.

இந்த ஊர்தான் 2025 அக்டோபரில் வீதிக்கு வந்தது. ஷாத் அஸ்ஸலாம் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டதே உடனடிக் காரணம். அந்தப் பெயருக்கு 'அமைதிக் கரை' என்று பொருள். அக்டோபர் 21 அன்று ஊர் முழுக்கக் கடையடைப்பு; பல்லாயிரம் பேர் பேரணியில் திரண்டனர்.

1970-களில் தொடங்கிய அரசு ரசாயன ஆலை, பாஸ்பேட்டிலிருந்து அமிலமும் உரமும் தயாரிக்கிறது. ஒரு டன் பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஐந்து டன் பாஸ்போஜிப்சம் கழிவு மிஞ்சும். காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்த அந்தக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கடலில் கொட்டப்படுகிறது.

காபெஸ் வளைகுடா ஆழம் குறைந்தது. கடற்புல் வெளிகளில் மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம். கழிவு படிந்து கடற்புல் அழிந்ததும் கரையோர மீன்பாடு குறைந்தது. சிறு படகுக்காரர்கள் தொலைவுக்குப் போக வேண்டியதாயிற்று. டீசல் செலவு கூடியது. சுற்றுலாவும் தழைக்கவில்லை. ஜெர்பா தீவுக்கும் மத்மாத்தா குகை வீடுகளுக்கும் செல்பவர்கள் காபெஸைக் கடந்து போய்விடுகிறார்கள்.

மாசுபடுத்தும் பிரிவுகளை அகற்றுவதாக அரசு 2017-ல் உறுதியளித்தது. அது நிறைவேறவில்லை. குடியரசுத் தலைவர் கைஸ் சயீதே இதைச் சுற்றுச்சூழல் படுகொலை என்றார். அவரது அரசோ பாஸ்பேட் உற்பத்தியைப் பன்மடங்கு உயர்த்தத் திட்டமிடுகிறது. கடன் சுமையில் இருக்கும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆலைச் சம்பளம் தேவை. இந்த நியாயத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மீனவர், விவசாயி, பள்ளிப் பிள்ளை ஆகியோரின் இழப்பு அந்தக் கணக்கில் எங்கே எழுதப்படுகிறது?

இதில் நமக்கும் தொடர்புண்டு. பாஸ்பேட் உரத்துக்கு இந்தியா பெருமளவு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. இதே வளைகுடாவில் உள்ள ஸ்கீராவில், இந்திய உர நிறுவனங்களின் பங்குடன் ஒரு பாஸ்பாரிக் அமில ஆலை 2013-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நம் வயலில் தூவும் டி.ஏ.பி. மூட்டையின் விலையில் அந்தக் கடற்கரையின் இழப்பு சேர்வதில்லை.

காபெஸ் மக்கள் கேட்பது, 2017-ல் தந்த வாக்கை நிறைவேற்றுங்கள் என்பதுதான். கழிவு கடலில் விழுவதை நிறுத்துவதும், நச்சுப் பிரிவுகளைக் குடியிருப்பிலிருந்து அகற்றுவதும், தொழிலாளருக்கு மாற்று வேலை தருவதும் ஒன்றாக நடக்க வேண்டும். மீனவரையும் ஆலைத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தினால், கழிவு கொட்டுவது மட்டுமே தடையின்றித் தொடரும்.